மால்டீஸ் நாய்க்கு வீட்டிலேயே முடி வெட்டலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் புழுக்கத்தில் உங்கள் மால்டீஸ் குட்டிக்கு நீங்களே முடி வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வெட்டலாம். ஆனால் குளிப்பாட்டும் முன்பே சீவிவிடுங்கள். ஈரம் பட்டால் சிக்கு இன்னும் இறுகும். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும்தான் சிக்கு அதிகம். அங்கே தோல் மெல்லியது, சிக்கை இழுத்தால் கூடவே எழும்பி வரும். கத்தரியைச் சட்டென்று வைத்தால் தோலும் வெட்டுப்படும், பாவம். தோலுக்கும் சிக்குக்கும் நடுவே சீப்பை நுழைத்து, சீப்புக்கு மேலே மட்டும் வெட்டுங்கள். கண்ணருகே முனை மழுங்கிய கத்தரி. ஒட்ட மழிக்காதீர்கள், வெயில் சுட்டுவிடும்.

அப்புறம், விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். இங்கே உண்ணிக்கடியால் பிலியரி என்கிற ரத்த நோய் வரும். ஈறு வெளுத்து, சிறுநீர் சிவந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.