மாங்குளம் கல்வெட்டுக் கட்டுரை: பத்தி ஏன் நிற்கவில்லை?

மதுரை அருகே மாங்குளம் மலையில் உள்ள பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றி விக்கிப்பீடியாவில் நீங்கள் சேர்த்த பத்தியை இரண்டு முறை நீக்கியது பகையால் அல்ல. மலையடிவாரத் தகவல் பலகையை எழுத்து மாறாமல் இறக்கியிருக்கிறீர்கள். பலகை வாசகத்துக்கும் பதிப்புரிமை உண்டு. செய்தியை மட்டும் எடுத்து, சொந்த நடையில் எழுதுங்கள். ‘உலகிலேயே தொன்மையான’, ‘ஈடிணையற்ற’ எல்லாம் போகட்டும். ‘1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார், நெடுஞ்செழியன் பெயர் வருகிறது’ என்றாலே கனம் வந்துவிடும். அந்த வாக்கியம் முடியும் இடத்திலேயே மேற்கோள் பொத்தானை அழுத்தி, நூற்பெயரும் பக்க எண்ணும் கொடுங்கள். கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனின் 2003 நூல் (Early Tamil Epigraphy) கிடைத்தால் நல்லது. சான்றாக வலைப்பூ நிற்காது; ஊர்ப் பெரியவர் சொன்னதும் நிற்காது, அதுதான் கொஞ்சம் வருத்தம். மூன்றாம் முறை அப்படியே ஒட்டினால் கணக்குக்குத் தடை வரலாம். மணல்தொட்டியில் (எழுதிப் பார்க்கும் சோதனைப் பக்கம்) எழுதி, நீக்கியவரின் பேச்சுப் பக்கத்தில் இணைப்பைக் கொடுங்கள். முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) இட்டால் கையொப்பம் விழும்.