அட்டைப் பெட்டியில் பதினான்கு புத்தகங்கள்

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, வரும் நவம்பரில் எம்.பி.ஏ. படிக்க ஐஐஎம் சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வு எழுத இருக்கிறேன். பெரியப்பா மகன் 2013இல் வாங்கிய பதினான்கு புத்தகங்களை அட்டைப் பெட்டியோடு கொடுத்துவிட்டார். பயிற்சி மையம் ஒன்றோ தன் பாடத்தொகுப்புக்கு மட்டும் 9,000 ரூபாய் கேட்கிறது. எதை நம்புவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: பெட்டியைப் பிரித்ததும் பொது அறிவுப் புத்தகங்களை வெளியே எடுத்து வையுங்கள். கேட் தேர்வில் பொது அறிவு கிடையாது. எம்.பி.ஏ. சேர்க்கைக்கான இன்னொரு தேர்வான எக்ஸ்.ஏ.டி.யில் (XAT) உண்டு, ஆனால் அதற்கும் 2013ஆம் ஆண்டுச் செய்திகள் எந்த மூலைக்கு? ஆங்கிலச் சொற்பட்டியல்களையும் ஒதுக்கிவிடலாம். இப்போதெல்லாம் சொல்லைக் கொடுத்துப் பொருள் கேட்பதில்லை.

அடுத்தது, மாதிரித் தேர்வுகள். 2020இல் தேர்வின் உருவமே மாறிவிட்டது. இப்போது இரண்டு மணி நேரம், மூன்று பகுதிகள், பகுதிக்கு 40 நிமிடம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ முடியாது. 2024இல் கணக்கில் 22 கேள்விகள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. பழைய மாதிரித் தேர்வுகளில் பழகினால் கைக்குத் தவறான வேகம் பழகிவிடும். அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள், பாவமில்லை.

கணக்குப் புத்தகங்களை மட்டும் போடாதீர்கள். சதவீதமும் விகிதமும் பத்தாண்டில் மாறிவிடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். 2008இல், காகிதத்தில் கேட் நடந்த கடைசி ஆண்டில், நானும் எழுதினேன். என்னிடம் நான்கு கணக்குப் புத்தகங்கள். நான்கிலும் முதல் அத்தியாயம் எண்ணியல். நான்கிலும் அதை முழுதாக முடித்தேன்! வடிவியலை எட்டிப் பார்ப்பதற்குள் தேர்வு வந்துவிட்டது. மதிப்பெண்ணைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

எதை வைத்துக்கொள்வது என்று பார்க்க, ஒவ்வொரு புத்தகத்திலும் 'காலமும் வேலையும்' அத்தியாயத்தைத் திறங்கள். ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 18 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்தால் எத்தனை நாளில் முடிப்பார்கள்? வாய்பாட்டில் எண்களைப் போட்டு விடை எழுதிவிட்டு நகரும் புத்தகம் வேண்டாம். மொத்த வேலையை 36 பங்கு என்று வைத்துக்கொள், ஒருவர் நாளுக்கு மூன்று பங்கு, மற்றவர் இரண்டு, ஆக ஐந்து, எனவே 7.2 நாள் என்று பேசிக்கொண்டே கூட்டிப்போகும் புத்தகம் கிடைத்தால் அந்த ஒன்றே போதும்.

புதிதாக நீங்கள் சேர்க்க வேண்டியது 2020க்குப் பிந்தைய வினாத்தாள்களை. ஆண்டுக்கு மூன்று அமர்வுகள். ஐந்தாண்டுக்கு பதினைந்து தாள்கள். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆங்கிலப் பகுதியின் 24 கேள்விகளில் 16 பத்தி வாசிப்புதான். பத்திகளோ தத்துவம், வரலாறு, சூழலியல் என்று எங்கெங்கோ போகும். இதற்குப் புத்தகம் வாங்கிப் பயனில்லை. தினம் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையை, உங்களுக்குக் கொஞ்சமும் ஆர்வமில்லாத துறையிலிருந்து எடுத்துப் படியுங்கள். கொட்டாவி வரும்; தேர்விலும் வரும்.

9,000 ரூபாய்ப் பாடத்தொகுப்பு வேண்டாம். அதில் ஒரு பங்கைக் கொடுத்து, கணினியில் எழுதும் மாதிரித் தேர்வு வரிசை ஒன்றை வாங்குங்கள். இரண்டு மணி நேரம் எழுதினால், எங்கே தவறினோம் என்று பார்க்க மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். தவறான ஒவ்வொரு கணக்கும் ஒரு நோட்டுக்குப் போகட்டும். நவம்பரில் நீங்கள் புரட்ட வேண்டிய பதினைந்தாவது புத்தகம் அதுதான்.

கேள்வி: தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர டான்செட் (TANCET) எழுதும் என் தம்பிக்கும் இவையே போதுமா?
– அதே வாசகி

பதில்: கணக்குக்குப் போதும். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் அந்தத் தேர்வில் வணிகச் சூழலை அலசும் பகுதி உண்டு. கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று கேட்கும் கணக்குகளும் உண்டு. கேட் புத்தகத்தில் அவற்றைத் தேடி அலைய வேண்டாம். டான்செட்டின் பழைய வினாத்தாள்களைத் தனியாக வாங்கிக்கொடுங்கள். மற்றபடி, அந்த அட்டைப் பெட்டியை அப்படியே அவர் தலையில் கட்டிவிடாதீர்கள்.