'கூறப்படுகிறது' என்றால் யார் கூறியது?

கேள்வி: நேதாஜி 1945 ஆகஸ்ட் 18-ல் விமான விபத்தில் இறந்தார் என்று விக்கிப்பீடியாவில் அடித்துச் சொல்கிறார்கள். விபத்தே நடக்கவில்லை என்று முகர்ஜி கமிஷன் சொல்லிவிட்டது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று பசும்பொன் தேவரே சொன்னார். இதையெல்லாம் யாராவது சேர்த்தால், 'நம்பகமான ஆதாரம் இல்லை' என்று தூக்கிவிடுகிறார்களாமே? யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லிவிட்டு இது என்ன நியாயம்?
– வாசகர், மதுரை

பதில்: யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றுதான் சொன்னார்கள். எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லவில்லையே!

முகர்ஜி கமிஷனிலிருந்தே தொடங்குவோம். நேதாஜியின் மறைவை ஆராய மத்திய அரசு 1999-ல் நீதிபதி முகர்ஜி தலைமையில் அமைத்தது, 2005-ல் அறிக்கை வந்தது. அதன் முடிவுகளில் முதலாவது, நேதாஜி இறந்துவிட்டார் என்பது. சொல்லப்படுவதுபோல் விமான விபத்தில் இறக்கவில்லை என்பது இரண்டாவது. ஜப்பானியக் கோயிலில் இருக்கும் அஸ்தி அவருடையது அல்ல என்பது அடுத்தது. வேறெங்காவது வேறு விதமாக இறந்தாரா என்றால், உறுதியான சான்று இல்லாத நிலையில் ஆம் என்று சொல்ல இயலாது என்றார் நீதிபதி. ஃபைசாபாதில் வாழ்ந்த கும்நாமி பாபா என்ற துறவிதான் நேதாஜி என்று எழுதிவிட்டு, இதே அறிக்கையை மேற்கோளாகப் போடுகிறவர்கள் உண்டு. அறிக்கையைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த பாபா யார் என்று ஆராயவே உத்தரப் பிரதேச அரசு 2016-ல் நீதிபதி விஷ்ணு சகாய் கமிஷனை அமைத்தது. அதுவும் அவர்தான் நேதாஜி என்ற முடிவுக்கு வரவில்லை.

ஆக, ஒரே அறிக்கையில் வேண்டிய வரியை மட்டும் பிய்த்து எடுத்தால் அது மேற்கோள் ஆகாது. இரண்டாவது முடிவைச் சொன்னால், மத்திய அரசு அந்த அறிக்கையை 2006-ல் ஏற்க மறுத்ததையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். எதிர்த் தட்டில் இருப்பவை: 1946-ல் பிரிட்டிஷ் அதிகாரி ஃபிக்கெஸ் கொடுத்த அறிக்கை, 1956-ல் ஷா நவாஸ் குழு, 1970-ல் அமைத்து 1974-ல் அறிக்கை தந்த கோஸ்லா கமிஷன், ஜப்பான் அரசு 1956-ல் தயாரித்து 2016-ல் வெளியான ஆவணம். எல்லாம் விபத்தையே சொல்கின்றன. ஷா நவாஸ் குழுவின் மூன்று பேரில் நேதாஜியின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ் மட்டும் கையெழுத்திட மறுத்துத் தனியே எழுதினார். அதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் பெயரைப் போட்டே எழுதலாம். லியோனார்ட் கார்டன், ஜாய்ஸ் லெப்ரா போல இந்தக் காலத்தைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர்களும் விபத்தை ஏற்றவர்கள்தான். கலைக்களஞ்சியம் தராசு பிடிப்பது இப்படித்தான். அறிமுகப் பத்தியில் விபத்து. உள்ளே சர்ச்சைக்கு ஒரு பத்தி. விரிவு வேண்டுமென்றால் மரணம் பற்றிய தனிக் கட்டுரை. எடை பார்க்காமல் இரண்டு தரப்பையும் சரிபாதி எழுதினால் அது நடுநிலை ஆகிவிடாது.

இந்த இடத்தில் நீக்குகிறவர்களுக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் கமிஷன் முடிவையும், நேரு உடலருகே நின்ற துறவிதான் நேதாஜி என்ற வாட்ஸ்அப் படத்தையும் ஒரே கூடையில் போட்டு 'சதிக் கோட்பாடு' என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம். முதலாவது, அரசு ஏற்காத ஒரு முடிவு. கட்டுரையில் அதற்கு இடம் உண்டு. இரண்டாவதற்கு, யாராவது ஆராய்ந்து அச்சில் எழுதியிருந்தால் ஒழிய இடமில்லை. நீக்கும்போது தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது மாற்றத்தோடு குறிப்பு எழுதும் கட்டத்தில், காரணத்தை ஒரு வரி எழுதாமல் போவதும் தப்பு. சந்தேகத்தோடு வந்தவர் 'பார்த்தீர்களா, மறைக்கிறார்கள்' என்று உறுதியோடு திரும்பிப் போவார்.

இனி வாக்கிய விஷயம். தமிழில் இது தனிச் சிக்கல். 'இறந்தார்' என்பதை 'இறந்தாராம்' என்று மாற்றினால் போதும், மொத்த வரலாறும் ஆட்டம் காணும். பத்திரிகைக்காரர்களான நாங்கள் வளர்த்துவிட்ட 'கூறப்படுகிறது', 'நம்பப்படுகிறது' இரண்டும் அதற்கு அண்ணன் தம்பி. ஒரு மாதிரி வாக்கியம்: 'நேதாஜி விபத்தில் இறந்ததாகக் கூறப்படுகிறது, ஆனால் பலர் இதை ஏற்கவில்லை.' கூறியது யார்? பலர் என்றால் எத்தனை பேர், யார் யார்? நடுவில் அந்த 'ஆனால்' எதற்கு? இப்படி எழுதிப் பாருங்கள்: '1999-ல் அமைக்கப்பட்ட முகர்ஜி கமிஷன், விபத்தில் அவர் இறக்கவில்லை என்று 2005-ல் அறிக்கை அளித்தது. மத்திய அரசு 2006-ல் அதை ஏற்க மறுத்தது.' ஆள், ஆண்டு, செயல் மூன்றும் இருக்கின்றன. அறிக்கையின் பக்க எண்ணையும் சேர்த்துவிட்டால் அசைப்பது கடினம்.

2016-ல் அரசு வெளியிட்ட நேதாஜி கோப்புகளை வைத்து வாதாடுகிறவர்கள் பலர். கோப்பு என்பது முதல்நிலைச் சான்று. அதில் ஓர் உளவாளி சொன்ன சேதி இருக்கும், ஓர் அதிகாரி ஓரத்தில் எழுதிய சந்தேகம் இருக்கும். கோப்பில் இருக்கிறது என்பதாலேயே அது அரசின் முடிவாகிவிடாது. இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'ஆகவே அவர் ரஷ்யா போனார்' என்று நீங்களே முடிவு கட்டினால் அதற்குச் சொந்த ஆய்வு என்று பெயர். அது அங்கே கூடாது. இந்த விதி எல்லாருக்கும்தான். விமானம் விழுந்ததாகச் சொல்லும் தைவானில் அன்றைய விபத்துக்குப் பதிவு இல்லையே என்கிறார்கள். அன்று தைவான் ஜப்பான் ஆட்சியில் இருந்தது, ராணுவ விமானத்தின் பதிவு பிறகு வந்த அரசிடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை இந்தப் பக்கத்தில் எழுதலாம். ஒரு வரலாற்றாசிரியர் எழுதியதைக் காட்டாமல் விக்கிப்பீடியாவில் எழுத எனக்கும் உரிமை கிடையாது.

ஆதாரத்தைப் பார்ப்பதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மேற்கோள் இல்லாத ஒரு வரி கட்டுரையில் நுழைகிறது. அதைப் பார்த்து ஒரு யூடியூபர் பேசுகிறார். அவரைக் கேட்டு ஒரு வார இணைப்பில் கட்டுரை வருகிறது. பிறகு அந்தக் கட்டுரையே விக்கிப்பீடியாவில் மேற்கோளாக ஏறுகிறது. பாம்பு தன் வாலைத் தானே விழுங்கிய கதை. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கட்டுரையின் மேலே உள்ள வரலாறு பகுதியைத் திறந்து, அந்த வரி எந்தத் தேதியில் நுழைந்தது என்று பாருங்கள். பத்திரிகைக் கட்டுரை அதற்குப் பிந்தியதாக இருந்து, சொற்றொடரும் அப்படியே இருந்தால், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்கிறவர்கள் அடிக்குறிப்புகளையும் அப்படியே அள்ளி வருவது இன்னொரு வழக்கம். தான் படிக்காத நூலைச் சான்று காட்டினால், அதில் அப்படி இல்லை என்று ஒருவர் சொல்லும் நாளில் மொத்தக் கட்டுரையின் மானமும் போகும்.

உயிரோடு இருப்பவர்கள் பற்றி என்றால் இந்த நிதானமெல்லாம் கிடையாது. காரணம் 2005-ல் நடந்தது. ஜான் சீகன்தாலர் அமெரிக்கப் பத்திரிகையாளர், ஒரு காலத்தில் ராபர்ட் கென்னடியின் உதவியாளர். கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலையிலும் இவருக்கு நேரடித் தொடர்பு இருந்ததாகச் சிறிது காலம் கருதப்பட்டது என்று பெயர் தெரியாத ஒருவர் விக்கிப்பீடியாவில் எழுதினார். கூடவே 'எதுவும் நிரூபிக்கப்படவில்லை' என்று ஒரு வரி. விஷம் அந்த இரண்டாவது வரியில்தான். விசாரணை ஒன்று நடந்தது போலவும், மனிதர் மயிரிழையில் தப்பியது போலவும் காட்டியது அதுதான். நாலு மாதம் அது அப்படியே இருந்தது, வேறு தளங்களுக்கும் நகலானது. அவர் நாளிதழில் எழுதிய பிறகுதான் ஊர் விழித்தது. இன்றைக்கு, வாழும் ஒருவரைப் பற்றி ஆதாரமில்லாத குற்றச்சாட்டு எங்கே இருந்தாலும் யாரையும் கேட்காமல் நீக்கலாம். 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் பிறர் செய்த மாற்றத்தை மீளமைக்கக் கூடாது என்ற ஆங்கில விக்கிப்பீடியாவின் விதியும் அப்படி நீக்குகிறவரைக் கட்டுப்படுத்தாது. நேதாஜி கட்டுரைக்கும் இது பொருந்தும். அவர் இன்றில்லை, ஆனால் 'இன்னார் உண்மையை மறைக்கிறார்' என்று இன்று வாழும் உறவினர் பெயரை இழுத்தால் அந்த வரி உடனே போகும்.

சேர்த்தது நீக்கப்பட்டால் செய்ய வேண்டியது என்ன? திரும்பத் திரும்பச் சேர்க்காதீர்கள், அது தொகுப்புப் போர், கணக்கு முடங்கலாம். கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். சேர்க்க விரும்பும் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், கீழே நூல், பக்கம், அந்தப் பக்கத்தில் உள்ள வரி. காணொளி என்றால் யார் வெளியிட்டது, எத்தனையாவது நிமிடம். சில நாள் பொறுங்கள். பதிலே வராவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்று ஒரு பொதுப் பக்கம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். 'நீங்கள் யார் கைக்கூலி?' என்று ஆரம்பித்தால் ஆதாரத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

தேவர் விஷயத்துக்கு வருகிறேன். நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று 1950-களில் அவர் பகிரங்கமாகச் சொன்னது வரலாறு. அவர் சொன்னார் என்பதற்கு அன்றைய நாளிதழே போதும். நேதாஜி உயிரோடு இருந்தார் என்பதற்கு அதே நாளிதழ் போதாது. அந்த வரி தேவர் கட்டுரையில், அவர் பெயரோடும் ஆண்டோடும் இருக்க வேண்டியது. நேதாஜியின் மரணம் பற்றிய தனிக் கட்டுரையிலும் வரலாம். நேதாஜி கட்டுரையின் முதல் பத்தியில் வராது.