பிலடெல்பியாவில் தட்டிய கதவுகள்

கேள்வி: சமூகவியல் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததைப் பெரிய வார்த்தைகளில் எழுதுவதுதானே? அதற்குத் தனித் துறை எதற்கு?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: 1896-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் 'எல்லோருக்கும் தெரிந்தது' ஒன்று இருந்தது. ஊர் கெட்டுப்போகக் கறுப்பர்கள்தான் காரணம் என்பது அது. அவர்கள் நெருக்கமாக வாழ்ந்த ஏழாவது வார்டை ஆராய, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸை அழைத்தது. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர், வயது 28. புதுமனைவியோடு அந்த வார்டிலேயே குடியேறினார்.

அப்புறம் வீடு வீடாகத் தானே போய்க் கதவைத் தட்டினார். ஏறக்குறைய 2,500 குடும்பங்கள். குடும்பத்துக்கு ஒரு படிவம், ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்பதுபோல ஆறு வகைப் படிவங்கள். எத்தனை பேர், என்ன வேலை, வாடகை எவ்வளவு, பிறந்தது எங்கே என்று கேட்டு எழுதினார். வார்டின் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் குடியிருப்பவர்களின் நிலைக்கு ஏற்ப நிறம் கொடுத்தார். ஊர் ஒரே கூட்டமாகப் பார்த்த மக்கள் அதில் நாலு நிறங்களாகத் தெரிந்தார்கள். திறமை இருந்தும் வேலை மறுக்கப்பட்டதையும், மட்டமான வீட்டுக்கு அதிக வாடகை பிடுங்கப்பட்டதையும் கணக்கோடு காட்டி 1899-ல் 'பிலடெல்பியா நீக்ரோ' என்ற நூலாக வெளியிட்டார்.

உங்களுக்குத் 'தெரிந்ததும்' இப்படி ஒரு படிவத்தின் முன் நின்று தாக்குப்பிடிக்குமா? தெருவில் பேசுவதற்கும் சமூகவியலுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சரி, துறை எதற்கு? ஒருவர் எடுத்த கணக்கை இன்னொருவர் சரிபார்க்க. அதே கேள்வியை அடுத்த ஊரில், அடுத்த வருடம் கேட்க. பிரெஞ்சுச் சிந்தனையாளர் கோம்ட் 1839-ல் 'சமூகவியல்' என்று பெயர் வைத்துவிட்டார். ஆனால் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம் துறை தொடங்கியது 1892-ல்தான்; ஆய்விதழ் 1895-ல். அதே 1895-ல் பிரான்சில் துர்க்கைம் என்ற அறிஞர் சமூகவியலுக்கான ஆய்வுமுறை விதிகளை எழுதினார். டு பாய்ஸ் 1897-ல் அட்லாண்டா போய், தொழில், தேவாலயம், குடும்பம் என்று வருடத்துக்கு ஒரு பொருளாக ஆய்வுகளை நடத்தினார்.

நம் பாடநூல்கள் கோம்ட், துர்க்கைம், வேபர் என்று மூன்று ஐரோப்பியப் பெயர்களோடு நிறுத்தி, டு பாய்ஸை விட்டுவிடுவது எனக்கு ஆறவே ஆறாது. பென்சில்வேனியாவில் டு பாய்ஸுக்குக் கிடைத்தது உதவிப் பயிற்றுநர் என்ற பெயர் மட்டும்தான், வகுப்பெடுக்க விடவில்லை. அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பேராசிரியர் பதவி வழங்கியது 2012-ல். டு பாய்ஸ் கானாவில் இறந்து அப்போது 49 வருடங்கள் ஆகியிருந்தன.