ஒலிவாங்கிக்கு முன் இருவர்

சமூக வானொலியில் மாணவர்கள் நேரடி நிகழ்ச்சி நடத்துவது பற்றி மலையகத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் ஊடகக் கழகத்துக்குச் சனிக்கிழமைகளில் அரை மணிநேர நேரடி நிகழ்ச்சி கிடைத்திருக்கிறது. நானும் தோழியும் சேர்ந்து நடத்துகிறோம். ஒத்திகையில் இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிடுகிறோம். இல்லாவிட்டால் இருவருமே வாயடைத்துப் போகிறோம். என்ன செய்யலாம்?
— தரம் 11 மாணவி, அட்டன்

இரண்டு குறைக்கும் வேர் ஒன்றுதான். அந்த நொடியில் நிகழ்ச்சி யார் கையில் இருக்கிறது என்பது உங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வசனங்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால் இது தீராது. பகுதிகளைப் பிரியுங்கள். ஒரு பகுதிக்கு ஒருவரே பொறுப்பு: அவரே தொடங்குவார், முக்கியக் கேள்வியைக் கேட்பார், நேரம் பார்ப்பார், முடிப்பார். மற்றவர் துணை. அடுத்த பகுதியில் இடம் மாறிக்கொள்ளுங்கள்.

துணையாக இருப்பவர் சும்மா இருப்பதாக எண்ணவேண்டாம். எங்கள் கணிப்பில் கூடுதல் வேலை அவருக்குத்தான். விருந்தினர் சொன்ன பெயர், இடம், தொகை எல்லாவற்றையும் தாளில் குறிக்கவேண்டும். விளங்காமல் விட்டுப்போன சொல்லைப் பிடித்துக்கொள்ளவேண்டும். விருந்தினர் 'கொந்தரப்பு' (தோட்டத்து ஒப்பந்த வேலை) என்று சொல்லிவிட்டுப் போனால், நகரத்தில் கேட்டுக்கொண்டிருப்பவருக்காக, "கொந்தரப்புன்னா எப்படிக் கணக்குப் பார்ப்பாங்க?" என்று நுழைய வேண்டியவர் அவரே. பொறுப்பாளர் அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருப்பதால் இந்த இடங்கள் அவர் காதில் விழாமல் போகும்.

பேச்சைக் கைமாற்றும்போது பெயரையும் கேள்வியையும் வாக்கியத்தின் கடைசியில் வையுங்கள். "இதைப்பற்றி அடுத்து என் தோழி பேசுவார்" என்றால், அவர் எதிலிருந்து தொடங்குவது? தோழியின் பெயரைச் சொல்லி, "உங்க தோட்டத்துல பஸ் எத்தனை மணிக்கு வருது?" என்று முடித்தால் அவருக்குப் பதில் தயாராக இருக்கும்.

பக்கத்தில் பக்கத்தில் உட்காராமல் எதிரெதிரே உட்காருங்கள். ஒலிவாங்கி கண்ணை மறைக்கக்கூடாது. மூன்று சைகை போதும்: திறந்த உள்ளங்கை 'உங்கள் முறை', உயர்த்திய ஒரு விரல் 'எனக்கொரு கேள்வி', மூடிய கை 'முடியுங்கள்'. நேரில் பேசும்போது "ம்… ம்…", "சரி சரி" என்பது மரியாதை. வானொலியில் அது அடுத்தவர் பேச்சின்மேல் விழும் கல். தலையசைத்தால் போதும்.

அரை மணிநேரம் கிடைத்தால் 28 நிமிடத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள். ஒரு மாதிரி: முகப்பு 1 நிமிடம், முதல் பேச்சு 7, பாடல் 3, விருந்தினர் 9, பாடல் 3, நேயர் அழைப்பு 4, நிறைவு 1. மீதி 2 நிமிடத்தை விருந்தினரோ நேயரோ எடுத்துக்கொள்வார். எடுக்காவிட்டால் வாசிக்க ஒரு சிறு குறிப்பு மேசையில் இருக்கட்டும். இந்த நிமிடத்தாளின் இரண்டு பிரதிகளை, ஆளுக்கொன்றாக, பெரிய எழுத்தில், ஒரு பக்கத்திலேயே முடியும்படி எழுதிக்கொள்ளுங்கள். தாளைப் புரட்டும் சத்தம் ஒலிவாங்கியில் தெளிவாகக் கேட்கும்.

வீட்டில் பேசுகிற மாதிரியே பேசலாமா, நூல் தமிழில்தான் பேசவேண்டுமா?
— மாணவன், பண்டாரவளை

அறிவித்தலையும் செய்தியையும் எழுதி வாசியுங்கள். அதற்கு எழுத்துத் தமிழ் பொருந்தும். உரையாடலை உங்கள் வாய்மொழியிலேயே நடத்துங்கள். பிரட்டுக்களம் (காலையில் வேலைக்குத் திரளும் இடம்), கொழுந்து, லயக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டின் அறை) என்ற சொற்களுக்குப் பதில் வேறு சொல் தேடவேண்டாம். தோட்டத்து மக்கள் தங்கள் பேச்சைத் தங்கள் பிள்ளைகளின் குரலில் கேட்பதற்குத்தானே சமூக வானொலி?

நேயர் அழைக்கும்போது எதிரொலியும் சில வேளை ஊளைச் சத்தமும் வருகின்றன. கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு ஒலிவாங்கிக்கு முன் பிடிக்கிறோம்.
— ஆசிரியை, பதுளை

முதலில் அந்தப் பழக்கத்தை விடுங்கள். நேயரின் குரல் ஒலிவாங்கிக்குள் போய், கலையக ஸ்பீக்கரில் வந்து, திரும்பவும் ஒலிவாங்கிக்குள் நுழைகிறது. ஊளை அப்படித்தான் பிறக்கிறது. ஒலிவாங்கி திறந்திருக்கும் நேரமெல்லாம் கலையக ஸ்பீக்கர் மூடியிருக்கவேண்டும்; அனைவரும் ஹெட்போனில் கேட்கவேண்டும்.

கைபேசியைக் கம்பி வழியாக, ஒலிகளைக் கலக்கும் கருவியான மிக்சருக்குக் கொண்டுவாருங்கள். நான்கு தொடுபகுதிகளுள்ள 3.5 மில்லிமீற்றர் பிளக்கிலிருந்து, கேட்கும் வழி ஒன்றும் பேசும் வழி ஒன்றுமாகப் பிரியும் கம்பி தேவை. நேயரின் குரல் மிக்சரின் ஒரு சனலுக்குள் வரும். உங்கள் குரல், மிக்சரின் தனி வெளிவழியான 'ஒக்ஸ்' வழியே கைபேசிக்குப் போகும். தவறு நடக்கும் இடம் இதுதான்: அறிவிப்பாளர் சனல்களில் ஒக்ஸ் குமிழைத் திறக்கவேண்டும்; கைபேசி வரும் சனலில் மட்டும் அது பூச்சியத்தில் நிற்கவேண்டும். திறந்திருந்தால் நேயருக்கு அவர் குரலே திரும்பிப் போய் எதிரொலிக்கும்.

இன்னொரு எதிரொலி நேயரின் வீட்டிலிருந்து வரும். அவர் வானொலியை ஓடவிட்டபடி அழைத்திருப்பார். இணையத்தில் கேட்பவரானால் அவர் காதுக்கு வருவது பல வினாடிகள் பழைய ஒலி. தன் பழைய பேச்சையே கேட்டுத் தடுமாறி நிறுத்திவிடுவார். அதனால் அழைப்பை முதலில் எடுக்க மூன்றாவது மாணவர் ஒருவர் வேண்டும். அவர் வானொலியை நிறுத்தச் சொல்வார், பெயரையும் ஊரையும் கேட்பார், பேசப்போகும் விடயத்தை ஒரே வரியில் எழுதி உள்ளே கொடுப்பார். அழைப்பவர் சிறுபிள்ளையானால் முதற்பெயரோடு நிறுத்துங்கள். பாடசாலை, லய இலக்கம், தொலைபேசி எண் எதுவும் ஒலிபரப்பில் போகக்கூடாது.

"டிட்-டிடிட்" என்ற இரைச்சலும் வந்தால், அது ஒலிவாங்கிக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்த இன்னொரு கைபேசியின் வேலை. தேவையில்லாத கைபேசிகள் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

பாடசாலை ஒத்திகை அறைக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் பேச்சே கேட்பதில்லை. விலை கூடிய ஒலிவாங்கி வாங்கினால் சரியாகுமா?
— ஆசிரியர், தலவாக்கலை

சரியாகாது. 48 வோல்ட் மின்சாரம் கேட்கும், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் ஒலிவாங்கி மழையை இன்னும் நன்றாக எடுத்துத் தரும். சாதாரண டைனமிக் வகையே உங்களுக்கு நல்லது. வாயிலிருந்து ஒரு கை முஷ்டி தூரம், அதாவது சுமார் 10 சென்ரிமீற்றர், கிட்டப்போய்ப் பேசி, மிக்சரில் கெயினை (ஒலிவாங்கியின் ஒலியைப் பெருக்கும் அளவை) குறையுங்கள். கிட்டப் பேசும் குரல் உயர்ந்து மழை தாழும். 'ப' வரும் சொற்களில் காற்று அடித்தால் ஒலிவாங்கியைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். இருவரின் ஒலிவாங்கிகளும் முதுகோடு முதுகு பார்த்து நின்றால் ஒருவர் குரல் மற்றவருடையதில் நுழைவது குறையும். கொங்கிரீட் தட்டுக்குக் கீழே ஒரு சின்ன அறை கிடைத்தால் உடனே மாறிவிடுங்கள். பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் கம்பளி தொங்கவிடுங்கள். பனி ஈரம் பிடிக்காமல் ஒலிவாங்கிகளை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

இணையத்தில் சிறிய எஃப்.எம். ஒலிபரப்பி விற்கிறார்கள். வாங்கி எங்கள் டிவிசனுக்கு (தோட்டத்தின் ஒரு பிரிவுக்கு) மட்டும் ஒலிபரப்பலாமா?
— பழைய மாணவர், மஸ்கெலியா

கூடாது. அனுமதிப்பத்திரமின்றி அலைவரிசையைப் பயன்படுத்துவது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி குற்றம். இருக்கிற வானொலியில் நேரம் கேளுங்கள். கொத்மலை சமூக வானொலி 1989இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் தொடங்கியது. 1990களின் கடைசியில், நேயர் அனுப்பிய கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி, அதை நேரடி நிகழ்ச்சியில் விளக்கி, பல நாடுகளும் திரும்பிப் பார்க்கும்படி செய்த நிலையம் அது. நேரம் கேட்டுப் போகும்போது 10 நிமிட மாதிரிப் பதிவொன்றையும் நான்கு வார நிமிடத்தாள்களையும் கொண்டுபோங்கள்.

நேரடி நிகழ்ச்சியில் ஒருவர் அழைத்து "எங்க லயத்துக்கு மேல மலை வெடிச்சிருக்கு" என்றால் மாணவர்கள் என்ன சொல்வது?
— ஊடகக் கழகப் பொறுப்பாசிரியை, நுவரெலியா

மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்ற இந்த அழைப்பு மழைக்காலத்தில் வரவே செய்யும். அதற்கான தாள் மேசையில் ஒட்டியிருக்கட்டும். மாணவர் அதை மறுக்கவும் கூடாது, உறுதிப்படுத்தவும் கூடாது. பொறுப்பாளர் அழைத்தவரிடம், "நீங்க இப்ப அந்த இடத்த விட்டுத் தள்ளி இருக்கீங்களா?" என்று முதலில் கேட்பார். இல்லை என்றால் உடனே குடும்பத்தோடு விலகச் சொல்வார். அழைப்பைத் துண்டிக்காமல், ஒலிபரப்பிலிருந்து மட்டும் எடுத்து மூன்றாவது மாணவரிடம் கொடுப்பார். அவர் தோட்டம், டிவிசன், திரும்ப அழைக்கும் எண் ஆகியவற்றை எழுதுவார். பொறுப்பாசிரியர் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் கிராம அலுவலருக்கும் அறிவிப்பார்.

அதற்குள் துணை அறிவிப்பாளர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அன்றைய மண்சரிவு எச்சரிக்கையை எழுதியபடியே வாசிப்பார். மஞ்சள் என்றால் அவதானமாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். பிரதேச செயலாளர் பிரிவின் பெயரை இரண்டு தடவை, மெதுவாக. அதன்பின் துள்ளிசைப் பாடல் போடாதீர்கள்.