வாசகர் கேள்வி–பதில்: மரமும் பிசினும் மணக்கும் மலிவு பெர்ஃப்யூம்

கேள்வி: மரமும் பிசினும் கலந்த மணம் என்று விற்கப்படும் குறைந்த விலை பெர்ஃப்யூம் ஒன்றை வாங்கினேன். அடித்தவுடன் டர்பென்டைன்போல மூக்கில் காரமாக ஏறுகிறது. ஒரு மணி நேரம் போனால் இதமாகிவிடுகிறது. மலிவுச் சரக்கு என்பதால்தான் இப்படியா? நீங்களும் இந்த வகையை விரும்பி அணிபவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். உங்கள் அனுபவம் என்ன?

பதில்: காரத்துக்குக் காரணம் விலையன்று, பிசின்தான். இவ்வகையில் அடிக்கடி சேர்க்கப்படும் குந்திரிக்கத்தை (தூபமாக எரிக்கும் பிசின்) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணெயில் பெரும்பாலும் ஆல்பா பைனீன் என்ற பொருள் கணிசமாக இருக்கும். பைன் மரப் பிசினைக் காய்ச்சி வடிக்கும் டர்பென்டைனின் முதன்மைக் கூறும் அதுவே. ஆகவே உங்கள் மூக்கு சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறது. தூபத்தின் மணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த வகைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முகம் சுளிக்கிறார்கள். தூபத்தின் மணம் பிசின் எரிவதால் பிறப்பது. எரிக்காத பிசினிலிருந்து வடித்த எண்ணெயில் எலுமிச்சைத் தோலும் மிளகும் பச்சை ஊசியிலையும்தான் முந்திக்கொண்டு வரும்.

நான் அணிவதும் விலை குறைந்த ஒன்றுதான். பெயர் கடைசிப் பதிலில் வருகிறது. அடித்த முதல் சில நிமிடங்களில் ஆல்கஹாலின் வீச்சும் சைப்ரஸ் மரத்தின் பிசின் காரமும் சேர்ந்து எழும். அந்நேரத்தில் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. காரம் தணியும்போது எலெமிப் பிசினின் எலுமிச்சைப் புளிப்பு மெல்லத் தலைகாட்டி, வந்த வேகத்திலேயே மறைகிறது. அதன்பின் வெட்டிவேர் மேலே வருகிறது. ஈரமண் ஒட்டிய வேரின் மணமும், அதன் ஓரத்தில் இலேசான புகையும், இனிப்பு என்று சொல்ல எதுவுமே இல்லாத ஒரு வறட்சியும் சேர்ந்த இந்தப் பகுதிக்காகவே நான் இதை வாங்குகிறேன் என்று சொல்லலாம். பிற்பகலில் பென்சாயின் பிசின் மேலெழுந்து, வேரின் முரட்டுத்தனத்தைத் தணித்து, வனிலாவை நினைவூட்டும் ஒரு கதகதப்பைத் தருகிறது. இது வெறும் கற்பனையன்று. ஸ்டைராக்ஸ் மரங்களிலிருந்து வடியும் அப்பிசினில் வானிலினும் உண்டு. மறுநாள் சட்டைக் காலரில் எஞ்சியிருப்பது இந்தக் கடைசிக் கட்டம்தான்.

பைனீன், எலுமிச்சை வகைத் தோலில் உள்ள லிமோனீன் போன்றவற்றின் மூலக்கூறு எடை சுமார் 136. மர மணம் தரும் பொருள்கள் பலவற்றின் எடை 220-க்கும் மேல். எடை குறைந்தவை பொதுவாக முதலில் பறந்துவிடுகின்றன, கனமானவை தோலில் தங்குகின்றன. கடையில் காகிதப் பட்டையை முகர்ந்து பார்த்து இவ்வகையைத் தேர்ந்தெடுப்பது ஏறக்குறைய வீண்வேலை என்று நான் கருதுவதும் இதனால்தான்.

மலிவு வேறு இடங்களில் காட்டிக்கொடுக்கும். ஒன்று, நடுப்பகுதி: முதலில் வந்த மணம் போய், அடியிலிருப்பது இன்னும் எழாமல், இடையில் எதுவுமே இல்லாததுபோல ஒரு வெறுமை தோன்றும். மற்றொன்று இதைவிடத் தொல்லையானது. மர மணத்துக்காகச் சேர்க்கப்படும் செயற்கைப் பொருள்களில் சில மிக வீரியமானவை. துளி அளவு கூடினாலும் மூக்கின் உட்புறத்தைச் சுரண்டுவது போன்ற ஒரு காய்ந்த நெடி மணிக்கணக்கில் நீங்காது. மறுநாள் துணியில் அந்த நெடி ஒன்றுமட்டுமே மிஞ்சுகிறதென்றால், தயாரித்தவர் நீடிப்பை மலிவாக வாங்கியிருக்கிறார் என்று பொருள். உங்களுடையது ஒரு மணி நேரத்தில் இதமாகிறது என்கிறீர்கள். தாராளமாக அணியுங்கள்.

கேள்வி: இந்த விலையில் உண்மையான சந்தனமும் அகிலும் இருக்க வாய்ப்புண்டா?

பதில்: சொல்லிக்கொள்ளும் அளவில் இருக்காது. சந்தன மரத்தில் மணம் தரும் வைரம் (நடுக்கட்டை) விளையப் பல ஆண்டுகள் ஆகும். அகிலோ, மரம் காயம்பட்டு அல்லது பூஞ்சை தாக்கி, அதை எதிர்க்கப் பிசினைச் சுரந்தால்தான் உண்டாகும். அகில் தரும் அக்விலேரியா மரங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகமும் 2005 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின்கீழ்க் கட்டுப்படுத்தப்படுகிறது. எனவே மலிவான புட்டியின்மேல் ‘ஊது’ (அகிலின் வணிகப் பெயர்) என்று எழுதியிருந்தால், உள்ளே இருப்பது கோரைக்கிழங்கு எண்ணெய், பச்சோலி, செயற்கைப் பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய சாயல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதனால் மனம் தளர வேண்டியதில்லை. ரோஜாவையோ மல்லிகையையோ மலிவாகச் செய்தால் சோப்பு வாடை வந்துவிடுகிறது. மரத்தில் அந்த ஆபத்து குறைவு. ஐ.எஃப்.எஃப். என்ற நறுமணப் பொருள் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் 1970களில் உருவாக்கிய ‘ஐசோ ஈ சூப்பர்’ என்ற செயற்கைப் பொருள், தேவதாருவின் மணத்தை வெல்வெட் போன்ற மென்மையோடு தருகிறது. மலிவானவற்றிலும் விலையுயர்ந்தவற்றிலும் அதுவே இருக்கிறது. பெர்ஃப்யூம் வடிவமைப்பாளர் கெஸா ஷோன் 2006-இல் வெளியிட்ட ‘மாலிக்யூல் 01’ என்ற பெர்ஃப்யூமில் நறுமணப் பொருளாக இது ஒன்று மட்டுமே உள்ளது. அதற்கும் பெருங்கூட்டமாக ரசிகர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: நண்பகலுக்குள் மணம் போய்விட்டது என்று நினைத்து மீண்டும் அடிக்கிறேன். அலுவலகத்தில் அருகில் இருப்பவர்களோ அளவுக்கு மிஞ்சி மணக்கிறது என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: அவர்கள் சொல்வதுதான். தொடர்ந்து ஒரே மணத்தில் இருக்கும் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகிறது. மேலும், ஐசோ ஈ சூப்பர், கஸ்தூரி வகைப் பொருள்கள் போன்ற கனமான மூலக்கூறுகளைச் சிலரால் இயல்பிலேயே சரியாக முகர முடிவதில்லை. சிலருக்கு விட்டுவிட்டுத் தெரியும். கழுத்திலும் மார்பிலும் அடித்துக்கொண்டால் மூக்கு இன்னும் விரைவில் பழகிவிடும். பின்கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ இரண்டு முறை அடித்துவிட்டு, புட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: துணியில் அடிக்கலாமா? எனக்குத் தோல் சற்று மென்மையானது.

பதில்: துணியில் மணம் அதிக நேரம் நிற்கும். ஆனால் பிசின் மிகுந்த திரவம் பழுப்பு நிறமாக இருந்தால் வெள்ளைத் துணியில் கறை விடலாம். உள்மடிப்பில் ஒரு முறை அடித்துப் பார்ப்பது நல்லது. தோலைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. பென்சாயின், பெரு பால்சம் போன்ற பிசின்கள் சிலருக்கு ஒவ்வாமை தருபவை. லிமோனீனும், பெர்ஃப்யூம்களில் பரவலாக உள்ள லினலூல் என்ற மணப் பொருளும் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமை தூண்டும் தன்மை கூடுகிறது என்பதால், பாதி காலியாகிப் பல ஆண்டுகள் வெயிலில் கிடந்த புட்டியைத் தோலில் பயன்படுத்த வேண்டாம். முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஓரிரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ கண்டால் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

பதில்: லலீக் நிறுவனத்தின் ‘ஆங்க்ர் நுவார்’. பெர்ஃப்யூம் வடிவமைப்பாளர் நதாலி லோர்சோன் உருவாக்கி 2006-இல் வெளிவந்தது. சைப்ரஸும் வெட்டிவேரும் தான் அதன் உயிர், பிசின் குறைவு. அவரே 2015-இல் செய்த ‘ஆங்க்ர் நுவார் ஆ லெக்ஸ்ட்ரீம்’ எலெமி, குந்திரிக்கம், பென்சாயின் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டது. நான் அணிவது இந்த இரண்டாவதைத்தான். முதலாவது இன்னும் இருண்டது, இன்னும் தனித்துவமானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் சிலருக்கு அது பூட்டிக்கிடந்த நிலவறையின் ஈர வாடையாகவே படும். ஆகவே எதை வாங்குவதானாலும் முழுப் புட்டிக்கு முன் மாதிரிக் குப்பி ஒன்றைத் தேடுங்கள்; வெயில் நாளில் ஒரு முறையும் குளிர்ந்த நாளில் ஒரு முறையும் அணிந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வெப்பத்தில் சைப்ரஸ் வேகமாகக் கரைந்து பென்சாயினின் இனிப்பு சீக்கிரமே மேலேறிவிடும், அது எல்லோருக்கும் பிடிப்பதில்லை.