பெங்களூரில் மரத்திலும் சுவரிலும் விளம்பரம் ஒட்டுவது குற்றமா?

ஆமாம். கர்நாடகத்தின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பொது இடத்தை அலங்கோலப்படுத்துவது என்கிறது. தெருவில் போகிறவர் கண்ணில் படும் இடத்தில், உள்ளாட்சியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் விளம்பரம் வைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (இன்றைய விலைவாசியில் ஆயிரம் ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள் என்பது வேறு கதை.)

ஏன் இந்தக் கெடுபிடி? இந்த ஊர்ச் சாலைகளின் அழகு தானாக வந்ததில்லை. இங்குள்ள லால்பாக் தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்த ஜெர்மானியர் க்ரும்பிகல், ஒரு வகை மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி பார்த்துப் பார்த்து நடவைத்தார். அந்த மரங்களில்தான் ஆணி அடிக்கிறோம். பட்டைக்கு அடியில்தான் மரத்தின் சாப்பாடு ஓடுகிறது; ஆணி சரியாக அங்கே இறங்குகிறது. அல்சூரில் எங்கள் தெரு மரத்திலிருந்து 'பி.ஜி. காலி' (வாடகைத் தங்கும் விடுதியில் இடம் உண்டு) என்ற அட்டையைக் கழற்றினோம். அடியில் 11 பழைய ஆணிகள், இரண்டைப் பட்டையே விழுங்கியிருந்தது.

விடிகாலையில் போட்ட கோலத்தின் மேல் யாரோ ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போவதுபோல்தான் இதுவும்.

"என் வீட்டுச் சுவர், என் இஷ்டம்" என்று பலர் நினைக்கிறார்கள். தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற சொந்தச் சுவரும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.